சின்ன அமெரிக்கக் கல்லூரியில் விளம்பர வருமானம்: அதை நம்பித் தோப்பை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை அண்ணன்

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்குத் தேங்காய் வியாபாரம். எனக்கு வேலந்தாவளத்தில் டூ வீலர் ஒர்க்ஷாப். தங்கை ட்ரிப்பிள் ஜம்ப் வீராங்கனை. 18 வயது முடிந்துவிட்டது, 12.18 மீட்டர் தாண்டியிருக்கிறாள், பிளஸ் டூவில் மார்க்கும் நன்றாக வந்திருக்கிறது. கோவை நேரு ஸ்டேடியத்துக்கும் பாலக்காடு மெடிக்கல் காலேஜ் மைதானத்துக்கும் நான்தான் பைக்கில் கூட்டிப் போவேன். அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அமெரிக்காவில் ஒரு டிவிஷன் 2 (கல்லூரி விளையாட்டில் இரண்டாம் நிலை) கல்லூரி அவளைச் சேர்த்துக்கொள்கிறது. தங்குமிடம், சாப்பாடு உட்பட வருடத்துக்கு 34,000 டாலர் செலவு. 18,000 டாலர் ஸ்காலர்ஷிப் தருகிறார்கள். மீதி 16,000 டாலர், நம் பணத்தில் ஏறக்குறைய 14 லட்சம். நான்கு வருடமும் கட்ட வேண்டும்.

இதை ஏற்பாடு செய்த ஏஜென்ட், "அதைப் பற்றிக் கவலைப்படாதீங்க, இப்போ அங்கே காலேஜ் பிளேயர்ஸ் எல்லாரும் விளம்பரத்தில் சம்பாதிக்கிறாங்க, என்ஐஎல் என்று பேர், வருஷம் 6,000 டாலர் நிச்சயம்" என்கிறார். தங்கைக்கு இன்ஸ்டாகிராமில் 22,000 ஃபாலோயர்கள் இருப்பதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார். அவருக்கு ஸ்காலர்ஷிப் தொகையில் 10 சதவீதம் கமிஷன்.

அப்பா தென்னந்தோப்பில் பாதியை வங்கியில் வைக்கத் தயாராக இருக்கிறார். அந்தத் தோப்பில்தான் கள் இறக்கக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம், வீட்டுச் செலவு அதில்தான் நடக்கிறது. உயரம் தாண்டும் தேஜஸ்வின் சங்கர் அமெரிக்காவில் கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்துத்தானே உயர்ந்தார் என்று தங்கை கேட்கிறாள். அவள் ஆசையை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த 6,000 டாலரை நம்பலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: மீனாட்சிபுரம் ஈட்டி

அண்ணா, எங்கள் வீடு மீனாட்சிபுரம். நானும் இதே வழியில் போனவள்தான். ஈட்டி எறிவேன். 2019 முதல் 2023 வரை அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு டிவிஷன் 2 கல்லூரியில் படித்தேன். இப்போது பொள்ளாச்சியில் வேலை.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அந்த 6,000 டாலரைக் கணக்கில் எழுதாதீர்கள். பாதியைக் கூட எழுதாதீர்கள். தங்கச்சி போவதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த எண்ணை நம்பித் தோப்பை வைப்பதுதான் பயமாக இருக்கிறது.

அங்கே கல்லூரி வீரர்கள் விளம்பரத்தில் சம்பாதிப்பது உண்மைதான். 2021 ஜூன் வரை, தன் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் வாங்கினால், கல்லூரி விளையாட்டை நடத்தும் சங்கமான என்சிஏஏவின் விதிப்படி விளையாடும் தகுதியே போய்விடும். அந்த ஜூன் 21 அன்று ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் சேர்ந்து என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னார்கள். அது படிப்பு சார்ந்த சலுகைகளைப் பற்றிய வழக்கு, ஆனாலும் அதன் பிறகு சங்கத்தால் பிடிவாதமாக நிற்க முடியவில்லை. ஜூலை 1 முதல் விளம்பர வருமானத்துக்கு அனுமதி வந்தது. கொரோனாவால் ஊருக்கு வர முடியாமல் அந்தக் கோடையில் நான் ஹாஸ்டலில் இருந்தேன். முதல் நாளே ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டின் கூடைப்பந்து இரட்டையர்கள், கேவிண்டர் சகோதரிகள், பூஸ்ட் மொபைல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். டைம்ஸ் சதுக்கத்து விளம்பரத் திரையில் அவர்களைக் காட்டினார்கள். எங்கள் ஹாஸ்டலில் எல்லோரும் அந்தப் படத்தை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

ஆனால் அவர்களுக்கு டிக்டாக்கில் அப்போதே பல லட்சம் ரசிகர்கள். இன்னும் சின்னக் கல்லூரி வேண்டுமானால் மிச்சிகனில் உள்ள அக்வைனாஸைப் பாருங்கள். அது என்சிஏஏவில்கூட இல்லை, என்ஏஐஏ என்ற வேறு சங்கம். அந்தச் சங்கம் 2020 அக்டோபரிலேயே அனுமதி கொடுத்தது. அங்கே வாலிபால் ஆடிய க்ளோயி மிட்சலைத்தான் இப்படிச் சம்பாதித்த முதல் கல்லூரி வீராங்கனை என்று சொல்வார்கள். அவருக்குக் கூட்டம் சேர்ந்தது வாலிபாலால் இல்லை. வீட்டுக் கொட்டகை ஒன்றைத் தன் கையால் புதுப்பித்து வீடியோ போட்டார், அதைப் பார்க்க வந்த கூட்டம் அது. சின்னக் கல்லூரியில் பணம் மெடலைப் பார்த்து வராது. பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்த கான்ஃபரன்ஸ் போட்டியில் முதல் இடம் வாங்கிய எங்கள் அணிப் பெண்ணுக்கு ஒரு கடையும் போன் செய்யவில்லை.

எங்கள் கல்லூரியில் பிறகு என்ன வந்தது என்று சொல்கிறேன். ஊர் டாக்கோ கடை அணிக்கு இலவசச் சாப்பாடு கொடுத்தது. ஒரு புரோட்டீன் பார் கம்பெனி பெட்டியும் தள்ளுபடி கோடும் அனுப்பியது, அந்தக் கோடில் யாராவது வாங்கினால் நமக்குச் சில்லறை. முடிவெட்டும் கடைக்காரர் கால்பந்துப் பையன்களுக்கு இலவசமாக வெட்டிவிட்டார். உண்மையாகக் கையில் காசு பார்த்தவள் எங்கள் போல் வால்ட் பெண் ஒருத்திதான். அவளுக்கு அதே ஊர். தன் பெயரைப் போட்டு நோட்டீஸ் அடித்து, பள்ளிப் பிள்ளைகளுக்கு மணிக்கணக்கில் பயிற்சி கொடுத்தாள். பெயரை வைத்து நடத்தினாலும் அது முழு உழைப்பு. அவள் சனி ஞாயிறு முழுக்க அதில்தான் போகும்.

அந்த வழியும் தங்கச்சிக்குக் கிடையாது. காரணம் விசா. ஏஜென்ட் இதைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டார்.

தங்கச்சி போவது எஃப்-1 மாணவர் விசாவில். அந்த விசாவில் வளாகத்துக்குள் மட்டும்தான் வேலை செய்யலாம், வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை. வெளியே வேலை என்றால் தனி அனுமதி வேண்டும், அது பெரும்பாலும் படிப்போடு சம்பந்தப்பட்ட வேலைக்கே கிடைக்கும். ஒரு கடைக்காக போட்டோவுக்கு நிற்பது, வீடியோ போடுவது, கையெழுத்துப் போட்டுக் காசு வாங்குவது எல்லாம் அனுமதியில்லாத வேலை என்று ஆகிவிடலாம். அப்படி ஆனால் விளையாட்டுத் தகுதி மட்டும் போகாது, விசாவே போகும். என்சிஏஏ விதி மாறியது, குடியேற்ற விதி மாறவில்லை. பர்டியூவில் ஆடிய ஸாக் ஈடி நாட்டின் சிறந்த கல்லூரிக் கூடைப்பந்து வீரர் என்ற விருதை 2023, 2024 இரண்டு வருடமும் வாங்கினார். கனடாக்காரர். அவருக்கே இந்த விசா குறுக்கே நின்றது. கென்டக்கியில் ஆடிய காங்கோ வீரர் ஆஸ்கர் ஷிப்வே, 2022 ஆகஸ்டில் அணி பஹாமாஸ் போனபோது அங்கே வைத்து விளம்பர வேலைகளை முடித்தார், அமெரிக்க மண்ணுக்கு வெளியே என்பதால். அவ்வளவு பெரிய ஆட்களே இப்படிச் சுற்றி வளைத்துச் செய்ய வேண்டியிருந்தது.

டாக்கோ கடை எங்கள் அணியைப் படம் எடுத்தபோது வெளிநாட்டு மாணவர் அலுவலகத்து அம்மா எனக்கும் ஜமைக்காப் பெண்ணுக்கும் தனியாகப் போன் செய்து, "நீங்கள் இரண்டு பேரும் படத்தில் நிற்க வேண்டாம், கூப்பனும் வாங்க வேண்டாம்" என்றார். அன்று அழுகை வந்தது. ஆனால் அந்த அம்மா எங்களைக் காப்பாற்றத்தான் சொன்னார்.

இன்னொரு ஆபத்து. மாணவர் விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவத்தைக் கல்லூரி தருவதற்கே முதல் வருடச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று நீங்கள் காட்ட வேண்டும். விளம்பர வாக்குறுதியை அங்கே காட்ட முடியாது. சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா அதிகாரி "மீதிப் பணம் எப்படிக் கட்டுவாய்?" என்று கேட்டால், ஏஜென்ட் சொல்லிக் கொடுத்த மாதிரி "என்ஐஎல்லில் சம்பாதிப்பேன்" என்று மட்டும் தங்கச்சி சொல்லிவிடக் கூடாது. படிக்கப் போகவில்லை, வேலைக்குப் போகிறேன் என்றுதான் அவர் காதில் விழும்.

செய்தியில் கோடிக் கணக்கில் வருகிறதே என்பீர்கள். 2025 ஜூன் 6 அன்று, வீரர்கள் என்சிஏஏ மீது போட்ட ஹவுஸ் வழக்கில் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. கல்லூரியே வீரர்களுக்குப் பணம் பங்கிடலாம், ஒரு கல்லூரி முதல் வருடத்துக்கு மொத்தம் 2.05 கோடி டாலர் வரை. அது டிவிஷன் 1 கதை, அங்கேயும் பெரும்பங்கு அமெரிக்கக் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. தேஜஸ்வின் 2018லும் 2022லும் என்சிஏஏ உயரம் தாண்டுதல் பட்டம் வென்றவர், படித்தது பெரிய டிவிஷன் 1 பல்கலைக்கழகம். அவரைத் தங்கச்சி தாண்டுதலில் முன்மாதிரியாக வைத்துக்கொள்ளட்டும். பணக் கணக்குக்கு அவர் பொருந்த மாட்டார்.

சரி, 16,000 டாலரை எப்படிக் குறைப்பது? டிவிஷன் 2வில் பெண்கள் தடகளத்துக்கு ஒரு கல்லூரி கொடுக்கக்கூடியது மொத்தமே 12.6 முழு ஸ்காலர்ஷிப்புக்குச் சமமான தொகை. அதைத்தான் முப்பது நாற்பது பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். பல கல்லூரிகள் அந்த அளவைக் கூட எட்டுவதில்லை. அதனால் கோச்சிடம் எவ்வளவு கெஞ்சினாலும் ஓரளவுக்கு மேல் அவரால் முடியாது. சின்னக் கல்லூரியில் பெரிய பணம் இருப்பது அட்மிஷன் அலுவலகத்தில், மார்க்குக்குத் தரும் ஸ்காலர்ஷிப்பாக. எனக்கு ஈட்டியை விட என் பிளஸ் டூ மார்க்தான் அதிகம் வாங்கிக் கொடுத்தது. 18,000இல் எவ்வளவு விளையாட்டுக்கு, எவ்வளவு மார்க்குக்கு என்று பிரித்துக் கேளுங்கள். மார்க் பங்கை உயர்த்த முடியுமா, வருடா வருடம் புதுப்பிக்க என்ன ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) வேண்டும் என்றும் எழுத்தில் வாங்குங்கள்.

வளாக வேலை நிஜம். நான் ஜிம்மில் டவல் துவைத்தேன், பிறகு நூலகத்தில் உட்கார்ந்தேன். பயிற்சியும் படிப்பும் போக வாரம் 10 மணி நேரம் முடியும். மணிக்கு 10 டாலர் என்றால் 30 வாரத்தில் 3,000 டாலர். இரண்டாம் வருடத்திலிருந்து ஹாஸ்டல் உதவியாளர் வேலை கிடைத்தால் பல கல்லூரிகளில் அறை வாடகையே இல்லை. ஆனால் இவற்றையும் முதல் வருடக் கணக்கில் சேர்க்காதீர்கள். முதல் வருடப் பணம் முழுவதும் ஊரிலிருந்தே போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்த 10 சதவீதம். ஸ்காலர்ஷிப் கிடைத்தால் அதில் பங்கு என்று வாங்குவது என்சிஏஏ விதிப்படி ஏஜென்ட் வேலை. வீடியோவும் மார்க்கும் கல்லூரிகளுக்கு அனுப்பித் தர நிலையான கட்டணம் வாங்கலாம், கிடைக்கும் தொகையைப் பொறுத்து வாங்கக் கூடாது. கையெழுத்துப் போட்டது தெரிந்தால் தங்கச்சியின் தகுதிதான் கேள்விக்குள்ளாகும், அந்த ஆளுக்கு ஒன்றும் ஆகாது. இதை நினைத்தால் எனக்குக் கோபமாக வருகிறது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் தயவு செய்து போடாதீர்கள்.

பதில் 2: பறளி வாத்தியார்

நான் பாலக்காட்டில் உடற்கல்வி ஆசிரியர். மேலே அந்தப் பெண் எழுதியதை எங்கள் பள்ளி நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும்.

எனக்குச் சொல்ல இரண்டு விஷயம். பறளி, முண்டூர், குமரம்புத்தூர் என்று நம் மாவட்டப் பள்ளிகள் மாநில மீட்டில் வருடா வருடம் மெடல் அள்ளுகின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு விளம்பரம் தருகிறேன் என்று முதலில் வருபவர் யார் தெரியுமா? புரோட்டீன் பவுடர் கடைக்காரர். டப்பாவைக் கையில் பிடித்து ஒரு ரீல் போடு, மூன்று டப்பா இலவசம் என்பார். பிள்ளை அதைச் சாப்பிடவும் செய்யும். டப்பா மேல் எழுதாத பொருள் உள்ளே இருந்தால், ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான நாடாவின் பரிசோதனையில் மாட்டுவது பிள்ளைதான். உடம்பில் கிடைத்தால் பொறுப்பு வீரருடையது, கடைக்காரர் கொடுத்தார் என்ற பேச்சு அங்கே எளிதில் எடுபடாது. 4 வருடம் வரை தடை வரும். ட்ரிப்பிள் ஜம்ப் பெண்ணுக்கு 18 முதல் 22 வரை போய்விட்டால் திரும்பக் கிடைக்குமா? எவ்வளவு கொடுத்தாலும் சப்ளிமென்ட் விளம்பரம் வேண்டாம்.

அதே மாதிரி பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம் ஆட்கள். 2025இல் வந்த சட்டம் அவற்றுக்கு விளம்பரம் செய்வதையே குற்றமாக்குகிறது. இன்ஸ்டா மெசேஜில் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அமெரிக்கா ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம். இங்கே ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரிச் சேர்க்கை இருக்கிறது, மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வானால் மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுக்குத் தருகிறார்கள், பிறகு ரயில்வே, போலீஸ் வேலை. நீளம் தாண்டும் ஸ்ரீசங்கர் நம் பாலக்காட்டில் இருந்து பயிற்சி எடுத்துத்தான் 2022 காமன்வெல்த்தில் 8.08 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கினார். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. தோப்பைப் பணயம் வைத்துத்தான் போக வேண்டும் என்றால் இன்னொரு முறை யோசியுங்கள்.

பதில் 3: நகரி ஷட்டில்

நான் ஆந்திரா பக்கம், நகரி. வீட்டில் தமிழ், காலேஜில் தெலுங்கு. ஷட்டில் ஆடுகிறேன். இரண்டு மொழியிலும் ரீல் போடுவதால் திருத்தணித் துணிக்கடை ஒன்று கூப்பிட்டது. இங்கே எந்த விதியும் தடுக்கவில்லை, ஆனால் வருவது பெரும்பாலும் துணிதான், பணம் இல்லை. பணம் தருகிறேன் என்ற இன்னொரு கடை வீடியோ வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் இழுத்தது. அதனால் சொல்கிறேன், பாதிப் பணம் முன்னால் வாங்காமல் கேமரா முன் நிற்காதீர்கள். எத்தனை மாதம் அந்த வீடியோவை ஓட்டலாம் என்றும் எழுதி வாங்குங்கள். உங்கள் தங்கச்சிக்குத் தமிழ், மலையாளம் இரண்டும் வருமே, கோவைக் கடைக்கும் பாலக்காட்டுக் கடைக்கும் ஒரே ஆள் போதும். அமெரிக்க டாக்கோ கடைக்கு நம் 22,000 பேரால் என்ன லாபம்?

கொழிஞ்சாம்பாறை அண்ணன்

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஏஜென்ட் பேப்பரில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டோம். கோச்சின் மின்னஞ்சல் தங்கையிடம் இருக்கிறது, இனி நேராகவே பேசுவாள்.

ஷட்டில் தம்பி சொன்னதைப் படித்ததும் ஒரு விஷயம் கேட்கத் தோன்றியது. பொள்ளாச்சியில் ஒரு தேங்காய் எண்ணெய்க் கம்பெனி, அப்பாவிடம் சரக்கு எடுப்பவர்கள்தான், தங்கையை வைத்து விளம்பரம் எடுக்கிறோம், 50,000 ரூபாய் தருகிறோம் என்கிறார்கள். அவள் கிளம்புவது ஆகஸ்டில். இதைச் செய்யலாமா? அங்கே போன பிறகும் மாதம் ஒரு ரீல் போடச் சொல்கிறார்கள்.

மீனாட்சிபுரம் ஈட்டி

அண்ணா, இதைக் கேட்டதும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. முதல் பாதியைச் செய்யுங்கள், இரண்டாம் பாதியை வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சேருவதற்கு முன்னால் விளம்பரம் செய்வதை இப்போது என்சிஏஏ தடுப்பதில்லை. ஆனால் அந்தப் பணம் ஒரு குறிப்பிட்ட கல்லூரியில் சேர்வதற்காகவோ இத்தனை மீட்டர் தாண்டினால் இவ்வளவு என்றோ இருக்கக் கூடாது. தேங்காய் எண்ணெய்க் கம்பெனியில் அந்தப் பிரச்சினை இல்லை. கல்லூரியின் பெயர், லோகோ, அணி ஜெர்சி எதுவும் படத்தில் வரக் கூடாது. தங்கச்சிக்கு 18 ஆகிவிட்டதால் ஒப்பந்தத்தில் அவளே கையெழுத்துப் போடலாம், பணமும் அவள் பெயரில் உள்ள இந்திய வங்கிக் கணக்குக்கு வரட்டும். பான் கார்டு இல்லையென்றால் இப்போதே எடுங்கள். வரி பிடித்தாலும், அவளுக்கு வேறு வருமானம் இல்லாததால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். பணத்துக்குப் பதில் பொருளாகத் தந்தாலும் வருடத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரி உண்டு. ரீலில் இது விளம்பரம் என்று தெளிவாகப் போடவும் சொல்லுங்கள்.

படம் எடுப்பது, வெளியிடுவது, பணம் வாங்குவது மூன்றும் ஜூலைக்குள் முடியட்டும். அங்கே ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து மாதா மாதம் ரீல் போடுவது அமெரிக்க மண்ணில் இருந்துகொண்டு செய்யும் வேலை. பணம் பொள்ளாச்சியில் வந்தாலும் அப்படித்தான் பார்ப்பார்கள். கம்பெனிக்கு அவளைப் பிடித்திருந்தால் அடுத்த மே மாதம் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது புதிதாக எடுக்கட்டும். அதற்கு முன்னால் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கும் விளையாட்டு விதிகளைப் பார்க்கும் அலுவலருக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். பல கல்லூரிகள் ஒப்பந்தத்தை முன்னாலேயே தெரிவிக்கச் சொல்கின்றன.

இங்கேயே படிக்கலாம் என்று வாத்தியார் சொன்ன வழியையும் மூடிவிடாதீர்கள். கல்லூரி மார்க் ஸ்காலர்ஷிப்பை உயர்த்தவில்லை என்றால் அந்தக் கணக்கு வீட்டுக்கு ஆகாது, நானே அதைச் சொல்வேன். உயர்த்தினால் கடன் தொகை குறையும். வங்கிகள் பொதுவாக 7.5 லட்சத்துக்கு மேல்தான் சொத்து அடமானம் கேட்கும், அதனால் ஒவ்வொரு ஆயிரம் டாலரும் தோப்புக்கு நல்லது. தங்கச்சி அட்மிஷன் அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், திருத்தித் தருகிறேன். மார்க் ஷீட்டோடு, மாநில மீட் சான்றிதழையும் இணைக்கட்டும்.